ஆற்றங்கரைக்கு வழி கேட்கும் பெங்களூரு

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வழிவதை மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். தென்பெண்ணை சுமந்துவரும் அந்த நுரை, பெங்களூரின் கிழக்குப் பகுதியில் பிறக்கிறது. மேற்குப் பகுதியின் கழிவு விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியோடு சேர்ந்து, கனகபுராவுக்குத் தெற்கே சங்கமாவில் காவிரியில் கலக்கிறது. அங்கிருந்து ஒகேனக்கல் வழியாக அதுவும் நமக்குத்தான் வருகிறது. பெங்களூரு மக்கள் தங்கள் ஊர்த் தண்ணீரோடு என்ன உறவு வைத்திருக்கிறார்கள் என்பதில் தமிழ்நாட்டுக்கு நேரடியான அக்கறை இருந்தாக வேண்டும்.

‘பெங்களூரில் ஆறு ஏது?’ என்று அங்கேயே பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள்கூடக் கேட்பார்கள். நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் ஒரு மேட்டில் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் அதன் நடுவே ஓடவில்லை; சிற்றோடைகள் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றை வழிநெடுகத் தடுத்து ஏரிகளாக்கி, ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குப் போகும்படி ராஜகாலுவே எனப்படும் கால்வாய்களால் முன்னோர் இணைத்தார்கள். விருஷபாவதி பசவனகுடி நந்தி கோயிலருகே ஊறத் தொடங்குவதாக ஐதீகம். மைசூர் சாலையில் இருக்கும் காளி ஆஞ்சநேயர் கோயில் அந்த ஆற்றங்கரைக் கோயில்தான். இன்று அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு ஆறு கண்ணில் படுவதில்லை, நாற்றம்தான் தெரிகிறது. ‘மோரி’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். சாக்கடை என்று பெயர் விழுந்த பிறகு, அதில் குப்பை கொட்ட யாருக்கும் மனம் உறுத்துவதில்லை.

முன்பு நிலைமை வேறு. தண்ணீரிடம் போவதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. சலவைத் தொழிலாளர்கள், மாடு மேய்ப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், கீரைத் தோட்டம் போட்டவர்கள் என்று கரையில் நாள் முழுக்க ஆள் இருந்தார்கள். சம்பங்கி ஏரியின் தண்ணீரை நம்பித் தோட்டம் வைத்திருந்த திகளர் சமூகத்தினர் தமிழ் மரபோடு தொடர்புள்ளவர்கள். அந்த ஏரி இருந்த இடத்தில் இப்போது கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆனாலும் திகளர்களின் கரகத் திருவிழாச் சடங்குக்காக ஒரு சிறு குளம் மட்டும் அரங்கத்தருகே விடப்பட்டிருக்கிறது. ஏரி போய்விட்டது, ஏரிக்குப் போகும் உரிமையை அந்த மக்கள் விடவில்லை. தர்மாம்புதி ஏரி கெம்பேகௌடா பேருந்து நிலையமானபோது அப்படி உரிமை கேட்க யாரும் மிஞ்சவில்லை.

எஞ்சிய ஏரிகளைக் காப்பாற்ற அரசு முதலில் கண்ட வழி, வேலியும் நுழைவுச்சீட்டும். 2004-ஐ ஒட்டி ஹெப்பாள், நாகவாரா, அகரா ஏரிகள் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. காசு கொடுப்பவர்களுக்குக் கேளிக்கை, மற்றவர்களுக்குப் பூட்டிய கதவு. 2008-ல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தது. நீதிபதி என்.கே. பாட்டீல் தலைமையிலான குழு ஏரிகளைக் காக்கும் வழிமுறைகளைப் பரிந்துரைத்தது. 2012 தீர்ப்பு அந்தப் பரிந்துரைகளுக்கு வலுவூட்டியது. ஏரி விற்பனைச் சரக்கல்ல என்பது அதன்பிறகே ஓரளவு நிலைபெற்றது.

அதே ஆண்டுகளில் சர்ஜாபூர் சாலையில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. கைகொண்டரஹள்ளி ஏரி 48 ஏக்கர். 2008 வாக்கில் அது வறண்டு, கழிவுநீர் தேங்கிக் கிடந்தது. பழைய கிராமத்தினரும் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புவாசிகளும் சூழலியல் ஆய்வாளர்களும் மாநகராட்சிப் பொறியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். கழிவுநீர் வரத்தைத் திருப்பினார்கள், தூர்வாரினார்கள், நடைபாதை அமைத்தார்கள். பிள்ளையார் கரைக்கத் தனிக்குளம் வெட்டியதால் ஏரி தப்பித்தது, திருவிழாவும் நின்றுபோகவில்லை. மாட்டுக்குப் புல் அறுக்க வருபவர்களை விரட்டவில்லை. என் பார்வையில் இந்த முயற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது: காலை நடைக்கு வருபவருக்கு ஏரி அழகு, புல் அறுப்பவருக்கோ அது பிழைப்பு. இரண்டு பேரும் உள்ளே இருந்தால்தான் எந்தப் பக்கம் சாக்கடை உடைந்தாலும் அன்றே தெரியும்.

2011-ல் ஜே.பி. நகர் பக்கம் இருக்கும் புட்டேனஹள்ளி ஏரியின் பராமரிப்பை, புரிந்துணர்வு ஒப்பந்தம் மூலம் அங்குள்ள குடிமக்கள் அறக்கட்டளையிடம் மாநகராட்சி ஒப்படைத்தது. வடக்கே ஜக்கூரில் நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கொள்ளளவுடன் தொடங்கிய சுத்திகரிப்பு நிலையத்தின் நீர், கோரையும் சம்பும் வளர்ந்த சதுப்பு வழியாக வடிந்து ஏரியை அடைகிறது. அங்கே மீனவர்கள் இன்றும் வலை வீசுகிறார்கள்.

ஏரிகளில் இவ்வளவு நடந்தும், அவற்றை இணைக்கும் கால்வாய்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கே-100 திட்டம் அதை மாற்ற முயன்றது. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி கே.ஆர். மார்க்கெட், சாந்திநகர், கோரமங்களா வழியாக பெல்லந்தூர் ஏரிக்குப் போகும் பெரிய ராஜகாலுவேயில், பதினோரு கிலோமீட்டருக்கு மேல் கழிவுநீரை இடைமறித்து, கரையில் மக்கள் நடக்கப் பாதை போடுவது நோக்கம். கட்டடக் கலைஞர் நரேஷ் நரசிம்மனின் மாட் அறக்கட்டளை வடிவமைத்தது. 2021-ல் வேலை தொடங்கியது. நெடுஞ்சாலை மேம்பாலத்தை இடித்து, அடியில் புதைந்திருந்த ஓடையை 2005-ல் மீட்ட சியோல் நகரின் சியோங்யேசியோன் திட்டம் இதற்கு முன்மாதிரி. சாந்திநகர் பக்கம் சில பகுதிகள் நடக்கும் நிலைக்கு வந்தன. குறித்த கெடுக்கள் தாண்டிப்போயின, முழுப் பாதை இன்னும் கனவுதான்.

பாதைக்கு இடம் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நகரத்தின் 2015 பெருந்திட்டம் பெரிய கால்வாய்களின் நடுக்கோட்டிலிருந்து 50 மீட்டர், நடுத்தரக் கால்வாய்களுக்கு 25, சிறியவற்றுக்கு 15 என இடைவெளி விடச் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-ல் இதைக் கூட்டியது; உச்ச நீதிமன்றம் 2019-ல் அதை நீக்கிப் பழைய அளவையே நிலைநிறுத்தியது. காகிதத்தில் கரை இருக்கிறது. மண்ணில் அதைக் காட்டுவதற்குப் பழைய கிராம வரைபடத்தை எடுத்துக்கொண்டு அளந்து கல் நட வேண்டும். குடிமக்கள் குழுக்களால் இதை வலியுறுத்த முடியும், பல இடங்களில் செய்தும் காட்டினார்கள். ஆனால் 2016-ல் கால்வாய் ஆக்கிரமிப்பு என்று முறையான அனுமதி பெற்ற வீடுகளும் இடிக்கப்பட்டபோது, அனுமதி கொடுத்த அதிகாரிகளைவிட அதை நம்பி வீடு கட்டியவர்களே அதிகம் இழந்தார்கள். கரையை மீட்கும்போது இதை மறக்கக் கூடாது.

மக்களால் முடியாததும் ஒன்று உண்டு. பெல்லந்தூர் ஏரி 2017-லும் 2018-லும் தீப்பற்றி எரிந்தது. எத்தனை தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பை பொறுக்கினாலும் அந்தத் தீயை அணைத்திருக்க முடியாது. கழிவுநீர்க் குழாய் அரசின் வேலை, ஆலைக்கழிவைத் தடுப்பதும் அரசின் வேலை. நடைபாதையை முதலில் திறந்து, சாக்கடையைப் பிறகு பார்த்துக்கொள்வது மக்களை ஏமாற்றுவதாகும்.

இதற்கிடையே, 2020-ல் உயர் நீதிமன்றம் ஏரிகள் தொடர்பாகத் தனியார் நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு, உள்ளூர் அறக்கட்டளைகளின் ஒப்பந்தங்களும் சிக்கலில் விழுந்தன. பெருநிறுவனத்தையும் பக்கத்துத் தெருக்காரர்களையும் வேறுபடுத்தும் தெளிவான விதி வேண்டும். அதில் கதவு திறக்கும் நேரத்தையும் எழுத வேண்டும். பல ஏரிகள் காலையும் மாலையும் நடப்பவர்களுக்காக மட்டுமே திறந்திருக்கின்றன. மாடு மேய்ப்பவர் வரும் நண்பகலில் பூட்டு தொங்குகிறது.