ஆஸ்பிரின் தண்ணீரில் பாசிப்பயறு

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி தென்படும் சோதனை இது. ஆஸ்பிரின் மாத்திரை கரைத்த தண்ணீரில் ஒரு பிடி பயறு, வெறும் தண்ணீரில் ஒரு பிடி. மூன்றாம் நாள் எது முளைத்தது என்று பார்த்து, ‘மாத்திரை முளைப்பைத் தடுக்கும்’ என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். இத்தனை வளமான சோதனையை அந்த ஒரு வரியோடு முடிப்பது பெரிய இழப்பு.

ஆஸ்பிரின் செடிக்கு முற்றிலும் அந்நியப் பொருள் அல்ல. வில்லோ மரப்பட்டைப் பொடி காய்ச்சலைத் தணிப்பதாக எட்வர்ட் ஸ்டோன் என்ற ஆங்கிலப் பாதிரியார் 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தப் பட்டையின் வழியே அறியப்பட்டதுதான் சாலிசிலிக் அமிலம். அதைச் சற்று மாற்றி, 1897இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரினைத் தயாரித்தார்கள். தண்ணீரில் கிடந்தால் அது மெல்லச் சிதைந்து மறுபடி சாலிசிலிக் அமிலமாகிறது. 1979இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் ஆர்.எஃப்.ஒயிட், புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது தேமல் வைரஸை அது எதிர்த்து நின்றதைக் கண்டார். நோய் தாக்கும்போது செடி தனக்குள் எழுப்பும் எச்சரிக்கைக் குரலே சாலிசிலிக் அமிலம் என்பது பின்னர் தெளிவானது.

ஆகவே கேட்க வேண்டியது ‘தடுக்குமா?’ என்றல்ல, ‘எவ்வளவு கொடுத்தால்?’ என்று. பார்லி விதை முளைக்கும்போது ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் தூண்ட, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் அமைலேஸ் நொதி சுரக்கிறது. சாலிசிலிக் அமிலம் மிகுந்தால் அந்தச் சுரப்பு அடங்கிவிடுகிறது. அதே அமிலத்தைச் சிறிதளவு கொடுத்தால், உவர்ப்பில் தவிக்கும் நாற்றுகள் தேறுவதைக் கோதுமை உள்ளிட்ட பயிர்களில் பார்த்திருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய 75 மில்லிகிராம் மாத்திரை போதும். இதய நோயாளிகளுக்குத் தரும் அந்த மாத்திரை, வயிற்றில் கரையாதபடி மேல்பூச்சு பூசியதாக இருக்கலாம். பொடித்தே போட வேண்டும். நான்கு மாத்திரையைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்தால் அடர்த்தியான கரைசல். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் அடுத்தது. அதையும் அப்படியே நீர்க்கச் செய்தால் மூன்றாவது. இவற்றோடு வெறும் தண்ணீர் ஒன்று.

பலரும் விட்டுவிடுவது ஐந்தாவது டம்ளரை. ஆஸ்பிரின் கரைசல் புளிப்பானது. விதை சுணங்கினால் மருந்தைக் குற்றம் சொல்வதா, புளிப்பையா? பி.எச் தாளில் அடர்த்தியான கரைசலின் நிறம் எதுவோ, அதே நிறம் வரும்வரை தண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டு, அதிலும் பயறை ஊறவையுங்கள். அந்த டம்ளர் இல்லாத சோதனையை நான் நம்ப மாட்டேன்.

எண்ணிக்கையிலும் கஞ்சத்தனம் கூடாது. ஜெர்மனியின் தாரந்தில் 1869இல் ஃபிரிட்ரிக் நோபே தொடங்கிய விதைப் பரிசோதனை நிலையத்தின் வழிவந்த ஆய்வுக்கூடங்கள், இன்று ஒரு மாதிரிக்கு 400 விதைகளை முளைக்கவைத்து எண்ணுகின்றன. நம் நாட்டில் சான்று பெறும் பாசிப்பயறு விதையே நூற்றுக்கு 75 முளைத்தால் போதும். பத்து விதை போட்டு ஏழு முளைத்தால் அதில் மாத்திரையின் பங்கு எது, விதையின் இயல்பு எது என்று எப்படிப் பிரிப்பது? டம்ளருக்கு ஐம்பதாவது போடுங்கள். ஊறியதும் ஈரத்துணியில் பரப்பி, முளைத்தவற்றை எண்ணுவதோடு வேரின் நீளத்தையும் நூலால் அளந்து எழுதுங்கள். தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவந்தும், வேர் நீளாமல் நிற்கும் பயறுகள் இருக்கக்கூடும்.

மாத்திரையைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாத மருந்து. முளைத்த பயறைச் சுண்டலுக்குச் சேர்க்காமல் மண்ணில் புதைத்துவிடுங்கள். நாகப்பட்டினம் போன்ற கடலோரத்து மாணவர்கள், உவர்ப்பில் ஆஸ்பிரின் உதவுகிறதா என்று பார்க்க இன்னொரு வரிசையும் வைக்கலாம்: ஒரே அளவு உப்புக் கரைத்த இரண்டு டம்ளர், அவற்றில் ஒன்றில் மட்டும் மூன்றாம் கரைசலின் அளவுக்கு ஆஸ்பிரின்.