மூளைக்கும் வேண்டும் ஒரு பிரேக்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்து இறங்கி, ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவுக்குள் ஒருமுறை நடந்து பாருங்கள். பின்னால் கப்பலின் ஊதல். ஒரு கடையில் பக்திப் பாடல், அடுத்த கடையில் புதுப்படப் பாடல். நடைபாதையில் தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் என நான்கு மொழிகள். இத்தனை இரைச்சலுக்கு நடுவே நண்பர் உங்கள் பெயரைச் சொல்லி அழைத்தால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறீர்கள். காது எல்லா ஒலிகளையும்தான் மூளைக்கு அனுப்பியது. அப்படியானால் வேண்டாதவற்றை ஒதுக்கியது யார்?

அந்த வேலையில் பெரும்பங்கு, மூளையில் சுரக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளுக்கு உண்டு.

முடுக்குவதும் அடக்குவதும்

நம் மூளையின் நரம்பணுக்கள் வேதிப்பொருள்களின் வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றுள் ‘குளூட்டமேட்’ அடுத்த அணுவைத் தூண்டிவிடும். காபா அதை அடக்கும். மோட்டார் சைக்கிளோடு ஒப்பிட்டால் முன்னது ஆக்சிலேட்டர், பின்னது பிரேக்.

இதில் ஒரு வியப்பு உண்டு. மூளை காபாவைக் குளூட்டமேட்டிலிருந்தே தயாரிக்கிறது. ‘ஜி.ஏ.டி.’ என்ற நொதி இந்த மாற்றத்தைச் செய்கிறது. சமையலில் சேர்க்கும் அஜினோமோட்டோவும் குளூட்டமேட்டின் ஓர் உப்புதான். ஆனால், நாம் சாப்பிடுவது அப்படியே மூளைக்குள் போய்ச் சேர்வதில்லை. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை எளிதில் விடாது. தனக்கு வேண்டியதை மூளையே தயாரித்துக்கொள்கிறது.

மூளையில் காபா இருப்பதை அமெரிக்க அறிவியலாளர் யூஜின் ராபர்ட்ஸ் 1950இல் வெளியிட்டார். பெருமூளையின் மேலடுக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு நரம்பணு, இப்படி அடக்கும் வேலையைச் செய்வதாகும்.

அடக்குவதால் தெளிவு எப்படிப் பிறக்கும்? வகுப்பில் ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் கத்தினால் எவர் பதிலும் புரியாது. மூளையின் பார்வைப் பகுதியிலும் அப்படித்தான். நேர்க்கோட்டைக் கண்டால் ஓர் அணுக்கூட்டம் குரல் கொடுக்கும். சாய்ந்த கோட்டுக்கு வேறொரு கூட்டம். ஒன்று பேசும்போது மற்றவை அடங்கியிருந்தால்தான் கோடு கூர்மையாகத் தெரியும்.

மூடிய கண் சொன்ன பாடம்

டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து ஆராய்ந்தார்கள். பிறகு திறந்தபோது கண்ணில் பழுதில்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணின் செய்தியை ஏறக்குறையக் கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இப்படி நேரவில்லை. பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு என்பது இதனால் தெளிவானது. பார்வை பற்றிய ஆய்வுகளுக்காக இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தப் பருவத்தைத் தொடங்கி வைப்பது எது? பிரேக் இல்லாத மூளை இன்னும் வேகமாகக் கற்கும் என்றுதான் நமக்குத் தோன்றும். தக்காவோ ஹென்ஷ் குழுவினர் 1998இல் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. ஜி.ஏ.டி. நொதியின் ஒரு வகையை உண்டாக்கும் மரபணு நீக்கப்பட்ட எலிகளில், ஒரு கண்ணை மூடினாலும் மூளையில் அந்த மாற்றம் வரவில்லை. காபாவின் செயலை வலுப்படுத்தும் ‘டயசிபாம்’ மருந்தை மூளையில் செலுத்தியதும் மாற்றம் வந்தது. அடக்கும் ஆற்றல் போதிய அளவு வளர்ந்த பிறகே கற்கும் பருவம் தொடங்குகிறது என்பதே இதன் பொருள்.

‘ட’வும் ‘த’வும்

பேச்சொலிகளுக்கும் இத்தகைய பருவம் உண்டு. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’, ‘த’ ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் வேறுபாட்டைக் கண்டுகொண்டனர். 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் பினாங்குப் பிள்ளைக்கு ‘ட’வும் ‘த’வும் இயல்பாக வருவது இதனால்தான். அதே பிள்ளை ஹொக்கியன் மொழியின் ஏற்ற இறக்கங்களைப் பதினேழு வயதில் கற்க முற்பட்டால் திணறுவதற்கும் இதுவே ஒரு காரணம்.

முற்றாக அடைபடாத கதவு

பருவம் தவறினால் எல்லாம் போயிற்றா? இந்தியாவில் பிறவியிலேயே பார்வை இழந்த பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் ‘பிரகாஷ் திட்ட’த்தைப் பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கினார். அக்குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவர் பங்கேற்றனர். பார்வை வந்தவுடன், கையால் தொட்டறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண அவர்களால் இயலவில்லை. சில நாள்களிலேயே அத்திறன் வளரத் தொடங்கியது.

வளர்ந்தவர் மூளையும் கல்லாகிவிடுவதில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெரியவர்களின் ஒரு கண்ணை இரண்டரை மணி நேரம் மூடியபோது, பார்வைப் பகுதியில் காபா குறைந்தது. யாருக்கு அது அதிகம் குறைந்ததோ, அவருக்கு மூடியிருந்த கண்ணின் செய்தி பின்னர் அதிக வலுப்பெற்றது. கற்கும் பருவம் தொடங்க பிரேக் பிடிக்க வேண்டும். முதிர்ந்த மூளை மாற, அதே பிரேக் சற்றுத் தளர வேண்டும்.

தம்பி தங்கையின் கண்

இது ஆய்வுக்கூடச் செய்தி மட்டுமன்று. ‘சோம்பேறிக் கண்’ உள்ள சிறுவருக்கு, மூளை ஒரு கண்ணை ஒதுக்கிவிடுகிறது. மற்றக் கண் ஈடுகட்டுவதால் வீட்டில் எவருக்கும் தெரியாமல் போகலாம். கண்ணாடி அணிவது, நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி மற்றதற்கு வேலை கொடுப்பது போன்ற எளிய சிகிச்சைகள் உண்டு. ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

உங்கள் தம்பியோ தங்கையோ தலையைச் சாய்த்துப் பார்க்கிறார்களா? ஒரு கண்ணை மறைத்தால் மட்டும் சிணுங்குகிறார்களா? அம்மா அப்பாவிடம் உடனே சொல்லுங்கள். எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், பள்ளியில் சேரும் முன் ஒருமுறை கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எஸ்.பி.எம். உயிரியல் பாடத்தில் நரம்பு மண்டலம் படிக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தும், அந்த ஏழு வயது கவனிக்கப்படாமல் கடந்துவிடக் கூடாது.