பற்சில்லை மாற்றினால் பெற்றோல் மிச்சமாகுமா?

2006-ஆம் ஆண்டு சம்பூர், கூனித்தீவு, சூடைக்குடா, கடற்கரைச்சேனை முதலிய கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் பல வருடங்களைக் கழித்தன. 2015, 2016-ஆம் ஆண்டுகளில் சம்பூர்க் காணிகள் விடுவிக்கப்பட்டன. ஆயினும் வீடு ஓரிடம், வயல் வேறிடம், சந்தை இன்னோரிடம் என்ற அலைச்சல் பலருக்குத் தீரவில்லை. முன்பு மாட்டுவண்டி செய்த வேலையில் பாதியை இன்று மோட்டார் சைக்கிள் செய்கிறது. உரப்பை, நெல்மூட்டை, பாடசாலைப் பிள்ளை எல்லாம் அதிலேதான்.

2022-இல் எரிபொருள் நெருக்கடி வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்தார்கள். அந்நாட்களில் பலர் கேட்ட கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது: “முன் பற்சில்லைப் பெரிதாகப் போட்டால் எஞ்சின் குறைவாகச் சுற்றும், பெற்றோல் மிஞ்சும் என்கிறார்களே, உண்மையா?” இதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியை அறியாமல் காசைச் செலவழிக்கக் கூடாது.

எஞ்சினும் சில்லும்

எஞ்சின் வேகமாகச் சுற்றும். சில்லு மெதுவாகச் சுற்றும். இடையில் கியர்ப்பெட்டியும், செயின் பூட்டிய இரண்டு பற்சில்லுகளும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. கராச்சில் இவற்றை ஸ்பிரொக்கெற் என்பார்கள்.

ஒரு சாதாரண 100 சீசீ வண்டியை எடுத்துக்கொள்வோம். முன் பற்சில்லில் 14 பற்கள், பின்னதில் 42 பற்கள் எனக் கொண்டால், பின்சில்லு ஒருமுறை சுற்ற முன்பற்சில்லு மூன்று முறை சுற்ற வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் பின்சில்லு நிமிடத்திற்கு ஏறத்தாழ 450 தரம் சுற்றுகிறது. எனவே முன்பற்சில்லு 1350 தரம் சுற்றும். மேல் கியரில் எஞ்சினுக்கும் முன்பற்சில்லுக்கும் இடையே இன்னும் ஏறத்தாழ நான்கு மடங்கு குறைப்பு உண்டு. ஆகவே எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 5400 தரம் சுற்றுகிறது.

முன்னால் 15 பல் போட்டால் இது சுமார் 5040 ஆகக் குறையும். 13 பல் போட்டால் சுமார் 5800 ஆகக் கூடும். முன்னால் ஒரு பல்லை மாற்றுவது பின்னால் மூன்று பற்களை மாற்றுவதற்குச் சமம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரிதாக்கினால்

2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் மற்றைய துறைகளிலும் பாலங்கள் வந்தன. பாதைக்குக் காத்திருந்த காலம் போய், மூதூரிலிருந்து திருகோணமலைவரை தார் வீதியில் ஒரே வேகத்தில் ஓடலாம். தனியாக, சுமையின்றி இப்படி ஓடுபவருக்கு 15 பல் கொஞ்சம் உதவும். இரைச்சலும் அதிர்வும் குறையும். பெற்றோலும் சிறிதளவு மிஞ்சலாம். ஆனால் சுற்று பதினைந்தில் ஒரு பங்கு குறைந்தால் பெற்றோலும் அவ்வளவு குறையும் என்று எண்ண வேண்டாம். காற்றைக் கிழித்து வண்டியைத் தள்ளும் வேலை குறையவில்லை அல்லவா?

இழுவையும் அதே அளவு குறைகிறது. பின்னால் நெல்மூட்டை, எதிரே கச்சான் காற்று என்றால் மேல் கியரில் எஞ்சின் திணறும். அப்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டும். அதே வேகத்தில் அந்தக் கியரில் சுற்று கால் பங்குக்கு மேல் கூடும். மிச்சம் பிடிக்கப் போய் முன்னிலும் அதிகமாக எரிப்போம். இறங்காமல் முறுக்கி ஓடினால் எஞ்சின் சூடேறித் தட்டும். புறப்படும்போதெல்லாம் கிளச் தேயும். கிளச் தட்டு மாற்றும் செலவு பெற்றோல் மிச்சத்தை விழுங்கிவிடும்.

சிறிதாக்கினால்

லாண்ட்மாஸ்ரரில் உழும்போது குறைந்த கியரும் வீதியில் ஓடும்போது கூடிய கியரும் போடுவது உங்களுக்குத் தெரிந்ததே. மோட்டார் சைக்கிளுக்கும் அதே நியாயம்தான். நாள்தோறும் சுமையோடு கிரவல் வீதியிலும் வயற்பாதையிலும் போகிறவருக்கு 13 பல் நல்லது. வண்டி இலகுவாகப் புறப்படும், கிளச் தப்பும். தார் வீதியில் இரைச்சல் கூடும், வேகம் சற்றுக் குறையும். ஆனால் இழுவை கூடிவிட்டது என்று சுமையைக் கூட்ட வேண்டாம். பிரேக்கும் ரயரும் சட்டமும் பழையனவே. இரண்டு விதமாகவும் ஓடுபவர்கள் கம்பனி போட்ட அளவையே வைத்திருப்பது உத்தமம்.

மாற்றுமுன் கவனிக்க

முதலில் காசு செலவில்லாத வேலைகளைச் செய்யுங்கள். ரயருக்குச் சரியான காற்று அடியுங்கள். செயினைக் கழுவி ஒயில் இடுங்கள். செயினின் நடுப்பகுதி ஏறத்தாழ ஓர் அங்குலம் மேலும் கீழும் ஆடட்டும். உங்கள் வண்டியின் கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளுங்கள். காற்று வடிகட்டியைத் தூசி தட்டுங்கள். பிரேக் பிடித்தபடி ஓடுகிறதா என்று சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பலருக்கு வேண்டிய மிச்சம் இங்கேயே கிடைத்துவிடும்.

பிறகும் மாற்ற விரும்பினால், செயின் தேய்ந்து புதிது போடும் வேளையில் மாற்றுங்கள். பழைய செயினில் புதிய பற்சில்லு விரைவில் தேயும். செயின் அளவு 428-ஆ 420-ஆ என்று பார்த்து, அதற்குரிய பற்சில்லையே வாங்குங்கள். முன்பக்க மூடியில் செயின் உரசுகிறதா என்று சுற்றிப் பாருங்கள். ஒரு பல்லுக்கு மேல் மாற்ற வேண்டாம். கழற்றியது நல்லதாயிருந்தால் எறியாமல் வைத்திருங்கள்.

பற்சில்லு பலத்தை உண்டாக்குவதில்லை. எஞ்சினிலுள்ள பலத்தை வேகமாகவோ இழுவையாகவோ பங்கிட்டுத் தருகிறது, அவ்வளவுதான். எனவே கராச்சுக்குப் போகுமுன் ஒரு கிழமை குறித்துப் பாருங்கள்: எத்தனை மைல் தார் வீதி, எத்தனை மைல் கிரவல், எத்தனை நாள் சுமை? உங்கள் வண்டிக்கு எத்தனை பல் வேண்டும் என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.