சரியும் எழுத்துக்கள்

கதிரவெளிக் கிராமத்திலே ஒரு குடும்பம் பல மாதங்களாக மிச்சம் பிடித்து, பிள்ளையின் படிப்புக்கென்று சிறிய டெப் ஒன்றை வாங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். 2020ஆம் ஆண்டிலே பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட நாள்தொட்டு, பாடக் குறிப்புகள் திரை வழியே வந்துசேர்வது கிராமத்தாருக்கும் பழகிப்போன காரியமாகிவிட்டது. பிள்ளை பாடத்தைத் திறந்து, விரலால் மேலே தள்ளித் தள்ளி வாசிக்கின்றாள். அப்பொழுது நேராக நின்ற வரிகள் சாய்கின்றன. ஒரு பக்கம் முந்துகின்றது. மறுபக்கம் பின்தங்கி வருகின்றது. விரலை எடுத்து எழுத்துக்கள் ஓய்ந்ததும் சாய்வு மறைந்து வரிகள் நேராகிவிடுகின்றன. தாயிடம் காட்டுகின்றாள்; தாயின் கண்ணுக்கு ஒன்றுமே புலப்படவில்லை. விற்றவரைக் கேட்டால், “எல்லாத் திரையும் இப்படித்தான்” என்கின்றார். அவருடைய கடையோ மட்டக்களப்பு நகரிலே, 60 கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கின்றது. ‘புதுப் பொருளிலே பழுதா, அன்றி என் கண்ணிலே பழுதா?’ என்று பிள்ளை மயங்குகின்றாள்.

பிள்ளை கண்டது மெய். அவளுடைய கண்ணிலே குறை எதுவுமில்லை. கடைக்காரர் சொன்னதிலும் பாதி மெய் உண்டு. மற்றப் பாதியை அறிவதற்குத் திரை எவ்வாறு வேலை செய்கின்றது என்பதைச் சிறிது பார்க்கவேண்டும்.

திரையிலே தோன்றும் படம், அச்சிட்ட தாளைப்போல ஒரே வேளையில் விழுவதன்று. எண்ணற்ற சிறு ஒளிப்புள்ளிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கருவியானது ஒரு விளிம்பிலே தொடங்கி, முதல் வரிசைக்குப் புதிய செய்தியைக் கொடுத்து, பின்னர் அடுத்த வரிசைக்குக் கொடுத்து, இவ்வாறே மறு விளிம்புவரை சென்று முடிக்கின்றது. முடித்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றது. பெரும்பாலான டெப்களில் இது ஒரு செக்கனுக்கு 60 முறை நிகழ்கின்றது. ஆகவே முதல் வரிசை புதுப்பிக்கப்படுவதற்கும் கடைசி வரிசை புதுப்பிக்கப்படுவதற்கும் இடையே ஏறக்குறைய ஒரு செக்கனில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கழிந்துவிடுகின்றது.

அவ்வளவு சிறிய நேரம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விடை எளிது. வலையின் இரு தலைக்கயிறுகளையும் இரண்டு கூட்டத்தார் கரையிலே நின்று இழுக்கின்றனர். இரு கூட்டமும் ஒத்து இழுத்தால் வலை நேராக வரும். வடக்கே நிற்பவர்கள் ஓரடி முந்தி, தெற்கே நிற்பவர்கள் ஓரடி பிந்தினாலோ, வலை சரிந்தே கரையை நோக்கி வரும். இழுப்பை நிறுத்திப் பிந்தியவர்கள் எட்டிப் பிடித்ததும் சரிவு நீங்கிவிடும். திரையிலும் நடப்பது இதுவே. ஒரு பக்கத்து எழுத்துக்கள் முதலிலே புதிய இடத்துக்கு நகர்ந்துவிடுகின்றன. மறுபக்கத்து எழுத்துக்கள் தம்முடைய முறை வரும்வரை காத்திருக்கின்றன.

கணக்கும் கடினமன்று. ஒரு செக்கனுக்கு 10 சென்ரிமீற்றர் வேகத்தில் எழுத்துக்கள் மேலே செல்கின்றன என்று கொள்வோம். அறுபதில் ஒரு பங்கு செக்கனில் அவை செல்லும் தூரம் ஏறக்குறைய 1.7 மில்லிமீற்றர். வரியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே விழும் சரிவும் அதுவே. இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துக்கு இஃது அற்பமான விலகலன்று. வேகம் இருமடங்கானால் சரிவும் இருமடங்காகும். செக்கனுக்கு 120 முறை புதுப்பிக்கும் திரையாயின் சரிவு பாதியாகக் குறையும். அத்தகைய கருவிகளின் விலை சற்று ஏறியிருப்பதும் உண்மையே.

அப்படியானால் எல்லாத் திரையிலும் இச்சாய்வு தோன்றவேண்டுமே, ஏன் தோன்றவில்லை? இங்கேதான் கடைக்காரர் விட்டுவிட்ட பாதி இருக்கின்றது. வரிசைகள் எந்தத் திசையில் புதுப்பிக்கப்படுகின்றன, எழுத்துக்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்பதைப் பொறுத்ததே அனைத்தும். புதுப்பித்தலும் மேலிருந்து கீழாக, எழுத்துக்களின் நகர்வும் மேல்கீழாக இருந்தால், வரிகள் சாயமாட்டா. வரிகளுக்கிடையேயுள்ள இடைவெளி நூற்றில் ஒன்றிரண்டு பங்கு கூடும் அல்லது குறையும், அவ்வளவே. அதனைக் கண்டுபிடிப்பவர் மிகச் சிலர். புதுப்பித்தல் பக்கவாட்டிலே சென்று, எழுத்துக்கள் மேல்கீழாகச் சென்றால் சாய்வு கண்ணிலே குத்தும்.

2021ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஆறாம் தலைமுறை ஐபேட் மினியிலே இவ்விடயம் உலகெங்கும் பேசப்பட்டது. 8.3 அங்குலத் திரையையுடைய அந்தச் சிறிய கருவியை நெடுக்காகப் பிடித்து வாசித்தவர்கள், எழுத்துக்கள் பாகுபோல நெளிவதாக முறையிட்டனர். வரிவரியாகப் புதுப்பிக்கும் திரவப் பளிங்குத் திரைகளுக்கு இஃது இயல்பே என்று நிறுவனம் மறுமொழி கூறியது. கருவியைப் பிரித்துப் பார்த்த ஐபிக்சிட் என்னும் பழுதுபார்ப்புக் குழுவினர், திரையை இயக்கும் பலகை பக்கவாட்டிலே அமைந்திருப்பதைக் காட்டினர். அதே நிறுவனத்தின் ஐபேட் எயாரில் அப்பலகை மேற்புறத்திலே இருந்தது. ஆதலால் எயாரை நெடுக்காகப் பிடித்தால் சாய்வு தோன்றாது. குறுக்காகப் பிடித்தால் அதிலும் தோன்றும். ‘இயல்பே’ என்ற மறுமொழி பொய்யன்று. ஆயினும் வாசிப்பவர் பெரிதும் பிடிக்கின்ற நிலையிலே சாய்வு விழும்படி அமைத்தது இயற்கையன்று, அமைத்தவர்களின் தெரிவு. வாங்குபவருக்கு அதனை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

இதற்கு முன்னர், 2017இல் வெளிவந்த வன்பிளஸ் 5 என்ற தொலைபேசியிலும் எழுத்துக்கள் இழுபட்டுச் சுருங்குவதாக முறைப்பாடு எழுந்தது. அங்கே திரை தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்தது என்று ஆராய்ந்தோர் கூறினர்.

இவ்வித மாயம் இன்று பிறந்ததுமன்று. பிரான்ஸ் நாட்டு லார்த்திக் என்பவர் 1910களின் முற்பகுதியிலே ஓட்டப் பந்தயக் கார் ஒன்றைப் புகைப்படம் எடுத்தார். படத்திலே காரின் சக்கரம் வட்டமாக இல்லை. முட்டை வடிவாகி முன்னோக்கிச் சாய்ந்திருக்கின்றது. கமராவின் திறப்பு ஒரு சிறு பிளவாகத் தகட்டின் மீது நகர்ந்து சென்றமையே காரணம். சக்கரத்தின் அடிப்பாகம் ஒரு கணத்திலும் மேற்பாகம் பிறிதொரு கணத்திலும் பதிவாயின. வாழைச்சேனையிலிருந்து புகைவண்டியிலே செல்பவர்கள் தொலைபேசியால் வெளியே படம் எடுத்துப் பார்க்கட்டும். பாதையோரத்துக் கம்பங்கள் சாய்ந்தே விழக் காண்பர். கமரா வரிவரியாகப் பார்க்கின்றது. திரை வரிவரியாகக் காட்டுகின்றது. இரண்டும் ஒரே குடும்பத்துக் குறைகள்.

தாய்க்கு ஏன் தெரியவில்லை? ஓடும் எழுத்துக்களைக் கண்ணாலே தொடர்ந்து செல்பவர்களுக்கே சாய்வு நன்கு புலப்படும். எழுத்து ஓயும்வரை காத்திருந்து வாசிப்பவர் அதனைக் காண்பதில்லை. கண்ட சிலருக்குத் தலை சுற்றுவதுபோன்ற சலிப்பும் உண்டாகின்றது. வேறு சிலர் ஓரிரு நாளிலே பழகிக்கொள்கின்றனர். ஒருவருக்குத் தெரியாமையால் மற்றவர் கண்டது பொய்யாகிவிடாது. வகுப்பிலே கரும்பலகை மங்கலாகத் தெரிகின்றது என்று சொன்ன பிள்ளைகளை நம்பாது விட்டு, பின்னர் மூக்குக்கண்ணாடி வாங்கிக் கொடுத்த பெற்றோர் எத்தனையோ பேர்.

மெய்யான பழுதிலிருந்து இச்சாய்வை வேறு பிரித்தறிவதும் எளிது. கோடுகள் நிறைந்த அட்டவணை ஒன்றைத் திரையிலே வைத்து மேலே தள்ளவேண்டும். பின்னர் கீழே தள்ளவேண்டும். சாய்வு திசை மாறவேண்டும். கையை எடுத்து ஓயவிட்டால் கோடுகள் நேராகவேண்டும். பின்பு கருவியைக் குறுக்காகத் திருப்பித் தள்ளினால், நெடுக்கிலே தோன்றிய சாய்வு மறைந்துவிடவேண்டும். மூன்றும் பொருந்தினால் அது புதுப்பிக்கும் திசையால் வந்த சாய்வே. எந்தத் திருத்தகத்துக்குக் கொண்டுபோனாலும் நீங்காது. ஓய்ந்த பின்னும் கோடு வளைந்தே நின்றாலோ, ஒரே இடத்திலே கறையோ நடுக்கமோ இருந்தாலோ, அது வேறு பழுது. அதற்கு உத்தரவாதக் காலத்துக்குள் கருவியைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

இச்சோதனைக்கு ஒரு நிமிடமும் செல்லாது. பஸ்ஸேறி நகருக்குப் போகும் குடும்பம், காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னரே கடை மேசையில் இதனைச் செய்து பார்க்கலாம். பார்ப்பது தந்தையாகவோ கடைக்காரராகவோ இருத்தலாகாது. அதிலே நாள்தோறும் வாசிக்கப்போகும் பிள்ளையின் கையிலே கொடுத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். முன்னரே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. வாசிக்கும்போது கருவியைக் குறுக்காகப் பிடித்தல் ஒன்று. விரலால் தள்ளித் தள்ளிச் செல்லாது, புத்தகத்தைப்போலப் பக்கம் பக்கமாகப் புரட்டும் முறையை அமைத்துக்கொள்ளுதல் மற்றொன்று. பக்கம் புரட்டினால் ஓடும் எழுத்தே இல்லை, சாய்வதற்கு ஒன்றுமில்லை.