எல்க் வேட்டைக்குச் சேர்த்த புள்ளிகளை எங்கே செலவிடுவது?

ஜவ்வாது மலையில் மான் வேட்டையாட இன்று யாருக்கும் உரிமம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தொடக்கத்திலேயே முழுதாகத் தடுத்துவிடவில்லை. விலங்குகளை அட்டவணைகளாகப் பிரித்து, சிலவற்றை வேட்டையாட உரிமம் வழங்க அதில் இடம் இருந்தது. கடமான் அப்படிப்பட்ட பட்டியலில்தான் இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்த வாசலை அடைத்தது. ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் தேனும் புளியும் பலாவும்தான் இப்போது வருமானம். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி மலைக் கிராமங்களில் காவல்துறை அறிவிப்பு செய்வதும் உண்டு. சந்தனக் கடத்தலில் அடிபட்ட இந்தக் காட்டுக்கு இந்தத் தடை தேவைதான்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்கள் வேறு வழியில் போயின. கடமானின் உறவினமான எல்க், கட்டுப்பாடற்ற வேட்டையால் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பெரும்பாலான இடங்களில் அழிந்துவிட்டது. அதை மீட்டவர்கள் வேட்டையை ஒழிக்கவில்லை, அளந்து கொடுத்தார்கள். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை வன உயிர்ப் பாதுகாப்புக்கே திருப்பிவிட 1937இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இன்று கொலராடோவில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் எல்க் மான்கள் உள்ளன. மாநிலம் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, பல பகுதிகளுக்கு, எந்தப் பருவத்தில் எத்தனை மான்களைச் சுடலாம் என்று முன்கூட்டியே வரையறுக்கிறது. அந்தப் பகுதிகளில் அதற்கேற்பத்தான் அனுமதிச் சீட்டு. கேட்பவர்களோ பல மடங்கு. அதனால் குலுக்கல், குலுக்கலில் தோற்றவருக்கு ஆண்டுக்கு ஒரு புள்ளி.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு மூப்பை அறிந்தவர்களுக்கு இந்த முறை எளிதில் புரியும். முன்னுரிமைப் புள்ளி என்பது மூப்புதான்: அதிகம் வைத்திருப்பவருக்கு முதலில் சீட்டு. ஒரு வேறுபாடு உண்டு. எல்க் வரிசையில் சீட்டு கிடைத்ததும் மூப்பு பூஜ்யமாகிவிடும். பத்தாண்டுச் சேமிப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடும் என்பதால்தான், எங்கே செலவிடுவது என்ற கேள்வி இவ்வளவு கனக்கிறது.

எல்லா மாநிலங்களிலும் புள்ளி ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கொலராடோவில் அது பெரும்பாலும் நேரான வரிசை. வயோமிங்கில் வெளிமாநிலத்தவருக்கான சீட்டுகளில் 75 சதவீதம் புள்ளி வரிசைப்படியும் 25 சதவீதம் வெறும் குலுக்கலிலும் போகின்றன. அரிசோனாவில் இருப்பவை போனஸ் புள்ளிகள்: 20 சதவீதச் சீட்டுகள் உச்சப் புள்ளிக்காரர்களுக்கு, மற்றதில் ஒவ்வொரு புள்ளியும் கூடுதலாக ஒரு வாய்ப்பு. நெவாடா புள்ளியை வர்க்கமாக்கிப் பெருக்குகிறது. நியூ மெக்சிகோவிலும் ஐடஹோவிலும் புள்ளி என்பதே இல்லை.

சேமிப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் உண்மை ஒன்று உண்டு: புள்ளிக்கு வட்டி கிடையாது, அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே போகிறது. ஒரு பகுதிக்கு ஆண்டுக்கு 10 சீட்டு என்றும், உச்சப் புள்ளியோடு 200 பேர் காத்திருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், அந்த 200 பேர் முடியவே 20 ஆண்டு ஆகும். ஒரு புள்ளி பின்தங்கி நிற்பவர் அதற்குள் 20 புள்ளி சேர்த்திருப்பார். ஆனால் தேவைப்படும் புள்ளியும் கூடவே ஏறியிருக்கும். கொலராடோவின் வடமேற்கில் 2, 10, 201 ஆகிய பகுதிகளுக்கு இன்று 20க்கும் மேற்பட்ட புள்ளிகள் வேண்டும். ஐந்தாறு புள்ளி வைத்திருப்பவர் அவற்றைக் குறிவைத்துக் காத்திருப்பது வீண். அந்த வரிசை அவர் வாழ்நாளில் அவரிடம் வராமலே போகலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது வரிசையில் தன் இடம். கடந்த சில ஆண்டுகளில் ஒவ்வொரு பகுதியும் எத்தனை புள்ளிக்குக் கிடைத்தது என்பதை மாநிலங்களே வெளியிடுகின்றன. தேவை ஆண்டுக்கு ஒரு புள்ளி வீதம் ஏறும் பகுதி, எட்டிப்பிடிக்க முடியாத பகுதி. இரண்டு, மூன்று ஆண்டுகளாகத் தேவை ஒரே அளவில் நிற்கும் நடுத்தரப் பகுதிகளில் செலவிடுவதே நல்லது. பெரிய கொம்பு கிடைப்பது அங்கே அரிதாக இருக்கலாம். ஆனால் பத்தாண்டில் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை காட்டுக்குள் போகலாம். எல்க்கின் நடமாட்டத்தையும் காற்றின் போக்கையும் ஒரே பயணத்தில் யாரும் கற்றுவிடுவதில்லை. இருபதாண்டுப் புள்ளியோடு முதல்முறை காட்டில் கால் வைப்பவர் அரிய சீட்டை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவதற்கே வாய்ப்பு அதிகம்.

உடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜவ்வாது மலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். எல்க் திரியும் கொலராடோ மலைகள் 2,500 முதல் 3,500 மீட்டர் வரை. அந்த மெல்லிய காற்றில், சுட்ட மானின் 100 கிலோ இறைச்சியைத் துண்டு துண்டாக முதுகில் சுமந்து இறங்க வேண்டும். முப்பது வயதில் சேர்க்கத் தொடங்கிய புள்ளியை ஐம்பத்தைந்தில் எடுக்கலாம் என்று ஒத்திப்போடுபவர், அப்போது முழங்கால் என்ன நிலையில் இருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கூட்டாளிகளோடு போவதானால் மாநிலத்தின் விதி முக்கியம். கொலராடோ ஒரு குழுவில் குறைந்த புள்ளி வைத்திருப்பவரை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது. வயோமிங் சராசரி எடுக்கிறது. அதனால் பன்னிரண்டு புள்ளி வைத்திருக்கும் தந்தையும் இரண்டு புள்ளி வைத்திருக்கும் மகனும் வயோமிங்கில் ஏழு புள்ளிக் குழுவாக நிற்கலாம். கொலராடோவில் இரண்டாகச் சுருங்கிவிடுவார்கள். வயோமிங்கில் இன்னொரு தடையும் உண்டு: அரசு ‘வனாந்தரம்’ என்று அறிவித்த பகுதிகளில் வெளிமாநிலத்தவர் வழிகாட்டி இல்லாமல் பெரிய விலங்குகளை வேட்டையாட முடியாது. வழிகாட்டிக்குப் பணம் இல்லாதவர் அந்தப் பகுதிகளைத் தவிர்த்துப் புள்ளியைப் பயன்படுத்த வேண்டும்.

கொலராடோவில் முதல் விருப்பத்தில் சீட்டு கிடைத்தால்தான் புள்ளி போகும். முதல் விருப்பமாகப் புள்ளியை மட்டும் கேட்டு, இரண்டாம் விருப்பமாகப் போட்டி குறைந்த பகுதி ஒன்றைக் குறித்தால், சேமிப்பும் குறையாது, அந்த ஆண்டு வேட்டையும் கிடைக்கலாம். யூட்டாவில் கணக்கு வேறு: வரையறுக்கப்பட்ட எல்க் சீட்டு ஒன்றைப் பெற்றவர் ஐந்தாண்டு காத்திருந்த பிறகே மறுபடி விண்ணப்பிக்க முடியும். எனவே அங்கே செலவிடும் ஆண்டை அவசரமாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கடும் பனியில் மந்தை குறைந்த ஆண்டிலும், வறட்சியில் மேய்ச்சல் கருகிய ஆண்டிலும் விண்ணப்பிக்காமல் புள்ளியை மட்டும் வாங்கிக்கொள்வது மேல்.

புள்ளியே இல்லாத இளைஞர்களுக்கு இந்த முறை நியாயமானதல்ல. அவர்களுக்கு முன்னே பிறந்தவர்கள் முன்னேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு ஐடஹோவும் நியூ மெக்சிகோவும் வயோமிங்கின் 25 சதவீதக் குலுக்கலும்தான் வழி. நியூ மெக்சிகோவிலும் 84 சதவீதச் சீட்டு உள்ளூர்க்காரர்களுக்கு. வழிகாட்டியோடு வருபவர்களுக்கு 10. தனியே வரும் வெளியாருக்கு 6 சதவீதம். அங்கே தொடர்ந்து விண்ணப்பித்துக்கொண்டே மற்ற மாநிலம் ஒன்றில் புள்ளி சேர்த்து வருவதுதான் புதியவர்களுக்கு ஏற்றது.