சூரியனைக் கனியென்று எண்ணிய குழந்தை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் பழவந்தாங்கலில் இறங்குவோரில் பலர் நங்கநல்லூர் ஆஞ்சநேயரைத் தரிசிக்கச் செல்பவர்கள். 1995ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட இத்தலத்தில், ஒரே கல்லில் வடிக்கப்பட்ட 32 அடி உயரத் திருமேனியராய் எழுந்தருளியிருக்கிறார் அனுமன். பேரக்குழந்தைகளை இடுப்பில் சுமந்து வரும் பாட்டிமார்களும் தாத்தாக்களும் அங்கே ஏராளம். தரிசனம் முடிந்து பிரசாதம் கைக்கு வந்ததும், அதை நோக்கி முதலில் நீள்வது மழலையின் கைதான்.

கண்டதையெல்லாம் சுவைத்துப் பார்க்கும் ஆவல் குழந்தைகளின் இயல்பு. ஆஞ்சநேயரும் அவ்வாறே இருந்தவர். உதயசூரியனைக் கனியென்று எண்ணி வானில் தாவினான் அஞ்சனை மைந்தன். இந்திரனின் வச்சிராயுதம் தாடையில் பட்டது. 'ஹனு' என்றால் தாடை; அதனால் அனுமன் என்ற பெயர் அமைந்தது. மகன் விழுந்தது கண்டு வாயுபகவான் தம் இயக்கத்தை நிறுத்த, உலகமே மூச்சுத் திணறியது. பின்னர் தேவர்கள் கூடி வரங்களை வாரி வழங்கினர். அன்று சூரியனைப் பற்ற வந்த ராகு, குழந்தையின் வேகத்தைக் கண்டு அஞ்சி விலகினான் என்றும், அவனுக்குரிய தானியமான உளுந்தில் வடைமாலை சாற்றினால் ராகுதோஷம் நீங்கும் என்றும் ஐதிகம்.

மிளகும் சீரகமும் சேர்த்துத் தட்டையாகத் தட்டி மொறுமொறுப்பாகப் பொரிப்பதால் அந்த வடை பல நாள் கெடாது. ஆனால், பல் முழுதும் முளைக்காத வாய்க்கு அது கடினம். சுண்டலில் உள்ள முழுக் கடலையும், முந்திரியும், வேர்க்கடலையும் மூச்சுக்குழாயில் சிக்கிவிடக் கூடும் என்று குழந்தைநல மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். நான்கு வயது வரையேனும் அவற்றை நன்கு மசித்தே தர வேண்டும். பஞ்சாமிர்தத்தில் தேன் கலந்திருப்பதால், ஓராண்டு நிறையாத குழந்தையின் நாவில் அதைத் தடவுவதும் கூடாது. இரண்டு வயது வரை இனிப்பைத் தவிர்ப்பதே நலம்.

பல்லாவரத்திற்கு மேற்கே உள்ள குன்றத்தூர், சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவர் அருளிய பெரியபுராணம் மற்றொரு குழந்தையின் பசியைச் சொல்கிறது. சீகாழித் திருக்குளத்தில் தந்தையார் மூழ்கி நீராடுகையில், கரையில் நின்ற மூன்று வயதுத் திருஞானசம்பந்தர் அழுதார். ஈசன் பணிக்க, உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கறந்து ஊட்டினாள். அம்மை தந்தது சிவஞானம். ஆயினும் அதனைப் பாலில் குழைத்தே தந்தாள். எத்துணை உயர்ந்த பொருளாயினும், குழந்தை விழுங்கத்தக்க வடிவில் தருவதே தாய்மை.

நம் முன்னோர் வகுத்த அன்னப்பிராசனமும் இதே நெறியில் அமைந்ததே. ஆறாம் மாதத்தில் குழைந்த அன்னம் ஊட்டும் அவ்வழக்கத்தை, ஆறு மாதம் நிறைந்ததும் திட உணவைத் தொடங்கலாம் என்னும் இன்றைய மருத்துவமும் ஒட்டிச் செல்கிறது.

ஆகவே, பேரக்குழந்தை பிரசாதத்திற்குக் கை நீட்டினால் மறுக்க வேண்டியதில்லை. மிளகையும் முந்திரியையும் நீக்கி, வெண்பொங்கலை விரல்களால் மசித்து ஒரு கவளம் தரலாம். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து தரலாம். அமர வைத்து, அருகிலிருந்து ஊட்டுதல் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் வற்புறுத்தலாகாது. இன்று விலக்கிய சுவையை, சில முறை கண்டபின் குழந்தையே விரும்பிக் கேட்கும். தாவும் குழந்தைக்கு ஏற்றதை ஏற்ற அளவில் தரும் முதியோரின் கை, அம்மையின் பொற்கிண்ணத்திற்கு ஒப்பானது.