கிட்டார் இரண்டு, குணம் இரண்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் நுண்கலை மன்றத்திற்கு ஒரு கிட்டார் வாங்க வேண்டும் என்று இவ்வாண்டு முடிவாயிற்று. மாணவர்கள் சேர்த்த பணம் ஒன்றுக்குத்தான் போதும். கடையிலோ இரண்டு வகை தொங்குகின்றன. ஒன்று, நைலான் தந்தி பூட்டிய ஸ்பானியக் கிட்டார். இதைக் 'கிளாசிக்கல்' என்பர். மற்றொன்று, எஃகுக் கம்பி பூட்டிய 'டிரெட்நாட்'. எதை வாங்கலாம் என்று எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போலவே இருக்கும். அப்படி நம்பி ஒரு நல்ல கிட்டாரைப் பாழாக்கியவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாண்டில் விடுதியில் என் அறையில் இருந்த மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் கிளாசிக்கல் கிட்டார் வைத்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்குப் போகையில், "பழகிப் பாரு தம்பி" என்று என்னிடம் கொடுத்துச் சென்றார். மூன்றாம் நாளே ஒரு தந்தி அறுந்தது. நான் டவுனுக்குப் போய், கடையில் கிடைத்த எஃகுக் கம்பிகளை வாங்கி வந்து ஆறையும் மாட்டினேன். ஓசை கணீரென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் நண்பகலில் படாரென்று ஒரு சத்தம். தந்திகளைத் தாங்கும் குதிரை மேற்பலகையை விட்டுப் பிய்ந்து, மரச்சிராய்களோடு தொங்கியது.

கிட்டாரைப் போர்வையில் சுற்றி ஊருக்கு எடுத்துப் போனேன். என் அப்பா தச்சு வேலை செய்பவர். கிட்டாரை அவர் கையில் தொட்டது அன்றுதான் முதல் முறை. பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். துளைக்குள் கைவிட்டுத் தடவினார். "குருவி தலையில பனங்காயை வச்சிட்டியே தம்பி! இது பாரம் சுமக்கிற பலகை இல்ல, அதிர்ற பலகை" என்றார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சுரமானிச் சோதனையை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத அப்பாவுக்குத் தொட்டவுடன் தெரிந்தது, எனக்குத் தெரியாமற்போயிற்று. அந்த வெட்கத்தில்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

சுரமானியில் நாம் என்ன படித்தோம்? நீளமும் அதிர்வெண்ணும் மாறாதிருந்தால், தந்தியின் இழுவிசை அதன் ஓரலகு நீளத்தின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரு கிட்டார்களிலும் அதிரும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 செ.மீ. முதல் தந்தியின் அதிர்வெண்ணும் ஒன்றே. வினாடிக்கு ஏறக்குறைய 330 அதிர்வுகள். ஆனால் எஃகின் அடர்த்தி நைலானைப் போல் ஏழு மடங்கு. நைலான் முதல் தந்தி 0.71 மி.மீ. தடிமன், எஃகுக் கம்பி 0.30 மி.மீ.தான். இவ்வளவு மெலிந்தும் எஃகின் நிறையே கூடுதல். எனவே அதே சுரத்திற்கு நைலான் ஏறத்தாழ 7 கிலோகிராம் எடை அளவு இழுத்தால், எஃகு பத்துக்கு மேல் இழுக்கிறது. ஆறு தந்திகளையும் கூட்டினால் நைலானுக்குச் சுமார் 40 கிலோகிராம். எஃகுக்கு 70-க்கும் மேல். என் கணக்கில் விட்டுப்போனது இந்த 30 கிலோகிராம்தான்!

கிளாசிக்கல் கிட்டாருக்கு இன்றைய உருவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ தெ டோரஸ் (1817–1892). மேற்பலகையே கிட்டாரின் குரல் என்பது அவர் துணிபு. அதை மெய்ப்பிக்க 1862-இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேற்பலகையை மட்டும் மரத்தில் அமைத்து ஒரு கிட்டார் செய்தார். மெல்லிய பலகைக்கு அடியில் விசிறி விரித்தாற்போல் சிறு சட்டங்களை ஒட்டுவது அவர் செம்மைப்படுத்திய முறை. அக்காலத்தில் பூட்டியது விலங்குக் குடல் தந்தி. 1940-களில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர், மேதை செகோவியாவின் ஊக்கத்தோடு, நைலான் தந்தியைக் கொண்டுவந்தார்.

டிரெட்நாட் பிறந்தது அமெரிக்காவில். ஜெர்மனியிலிருந்து 1833-இல் குடியேறிய சி.எஃப். மார்ட்டின் தொடங்கிய நிறுவனம், 1916-இல் வேறொரு நிறுவனத்திற்காக இதைச் செய்தது. 1931 முதல் தன் பெயரிலேயே விற்றது. 1906-இல் வெளிவந்த பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டது. பெயருக்கேற்ற பெருத்த உடல். இடை அதிகம் ஒடுங்காது. மேற்பலகைக்கு அடியில் இரு தடித்த சட்டங்கள் பெருக்கல் குறி போல் குறுக்கிட்டு நிற்கும். கம்பிகளின் முனைக் குமிழ்கள் பலகையைத் துளைத்துச் சென்று அடியில் பற்றிக்கொள்ளும். கிளாசிக்கலிலோ தந்திகள் மேலே ஒட்டிய குதிரையிலேயே கட்டப்படும். இழுப்பெல்லாம் அந்தப் பசையின் தலையில்.

மாறாக, டிரெட்நாட்டில் நைலானைப் பூட்டினால் ஒன்றும் உடையாது. ஆனால் அத்தடித்த பலகையை அதிரவைக்க அந்த இழுப்புப் போதாது, ஓசை மந்தமாகிவிடும்.

கைக்கும் வேறுபாடு உண்டு. கிளாசிக்கலின் கழுத்து தலைப்பக்கம் சுமார் 52 மி.மீ. அகலம். தந்திகளுக்கிடையே விரல் தாராளமாக நுழையும். தனித்தனியே மீட்ட ஏற்றது. நைலான் விரலையும் அறுக்காது. டிரெட்நாட்டின் கழுத்து சுமார் 43 மி.மீ.; சேர்சுரங்களை வளைத்துப் பிடிப்பது எளிது. 'பிக்' கொண்டு வீசினால் பத்துப் பேர் பாடும்போதும் ஓசை மேலே நிற்கும். முதல் சில வாரம் விரல் நுனி எரியும், பிறகு காய்த்துவிடும்.

ஆகவே, எது சிறந்தது என்று கேட்பதைவிட, என்ன வாசிக்கப் போகிறோம் என்று கேட்பதே முறை. அறையில் அமர்ந்து விரலால் இசை பயில விரும்புவோர் கிளாசிக்கலை வாங்குக. பாட்டுக்குப் பக்கவாத்தியம் வேண்டுவோர் டிரெட்நாட்டை வாங்குக. எதுவாயினும் கடையிலேயே இரண்டு சோதனைகள் செய்யலாம். தந்தியைப் பன்னிரண்டாம் பிரெட்டில் அழுத்தினால் நீளம் பாதியாகும். சுரம் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். குதிரையின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே நுழைந்தால் அந்தக் கிட்டாரை வாங்காதீர்கள்.

மன்றத்தில் நாம் சேர்ந்து பாடுகிறோம். ஆதலால் டிரெட்நாட்டையே பரிந்துரைத்து எழுதிக் கொடுத்துள்ளேன். என் சொந்த ஆசை கிளாசிக்கல்தான். ஆனால் பணம் எல்லோருடையது.

அண்ணனின் கிட்டார் என்ன ஆயிற்று என்பீர்கள். அப்பா குதிரையின் அடியைச் சுத்தம் செய்து, பசையிட்டு, மரக்கட்டை வைத்து இறுக்கி, இரண்டு நாள் அசைக்காமல் வைத்தார். நைலான் தந்தி வாங்க, விடுமுறையில் அவரோடு வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்தேன். அண்ணனிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவர் மீட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அப்பாவை நான் விசாரிச்சதாச் சொல்லு" என்றார். அந்தக் குதிரை இன்றும் அசையவில்லை.